கோழிக்கு விடுதலை, உனக்குக் காவல்

இன்னா தம்பி, கோழி வளக்கப் போறியாமே! நல்ல சேதி. ஈசிஆர் பக்கம் மனை வாங்கி, வூடு கட்டி, முன்னால கொரியன் புல்லு பதிச்சு, பின்னால ஊஞ்சலும் மாட்டியாச்சு, இன்னும் ஒரே ஒரு குறைதான்னு மேஸ்திரிகிட்ட சொன்னியாம். தோட்டத்துல நாலு கோழி சுதந்திரமா மேயணும், காலைல கூடைய எடுத்துக்கினு போய் நீயே முட்டை பொறுக்கணும், புள்ளைங்க அதைப் பாத்து வளரணும். மேஸ்திரி இதை என்கிட்ட சொல்லிட்டு வயித்தைப் புடிச்சிக்கினு சிரிச்சான். நான் சிரிக்கல. வயசானவன் சிரிக்கக் கூடாது, யோசனை சொல்லணும். எனக்கு ஃபீஸ் கிடையாது. ஒரு டீ சொல்லு, சக்கரை தூக்கலா. எங்க வூட்டுக் கிழவி காதுல மட்டும் போட்டுடாதே.

மொதல்ல ஒண்ணு வெளங்கிக்கோ. நாமக்கல் பக்கம் போனா ஆயிரக்கணக்குல கோழிங்க கூண்டுல வரிசையா நிக்கும். தீனி முன்னால வரும், முட்டை பின்னால உருளும். கோழி கட்டுப்பட்டுக் கெடக்குது, மொதலாளி ஊர் சுத்தறான். மேய வுட்ட கோழி கதை வேற. அதுக்கு நீ எத்தினி சுதந்திரம் குடுக்கறியோ அத்தினியும் உன் கணக்குலேர்ந்து கழியும். விடிஞ்சதும் கூண்டைத் தொறக்க ஒரு ஆளு வேணும். பொழுது சாயசொல்ல எண்ணிப் பாத்து மூட ஒரு ஆளு வேணும். வருஷத்துல 365 நாளும். தீவாளி, பொங்கல், உன் மச்சான் கல்யாணம், ஆபீசுல ராத்திரி மீட்டிங், இதெல்லாம் கோழிக்குத் தெரியாது. நீயோ வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கெளம்பற ஆளு. கோழிக்கு ஞாயித்துக்கிழமைன்னா ஒரே அர்த்தம்தான், நெனச்சாலே அதுக்குக் குலை நடுங்கும்.

‘வாட்ச்மேன் பாத்துப்பாரு’ன்றியா? பாத்துப்பாரு தம்பி. முட்டையையும் சேத்தே பாத்துப்பாரு.

சரி, இன்னா கோழி வாங்கப் போறே? மேஸ்திரி உன் லிஸ்ட்டைக் காட்டினான். கடக்நாத்து ரெண்டு, சில்கி ரெண்டு, கிளிமூக்கு விசிறிவால் சேவல் ஒண்ணு. கண்காட்சிக்கு சரி. கடக்நாத்துன்றது மத்தியப் பிரதேசத்துல ஜாபுவா பக்கத்துக் கருங்கோழி. தோலு, கறி, எலும்பு வரைக்கும் கறுப்பு. 2018ல புவிசார் குறியீடு வாங்கிடுச்சு. அந்தப் பெருமையெல்லாம் இருக்கட்டும், அடைக்கு உக்காரச் சொன்னா பெரிய எடத்துப் பொண்ணாட்டம் மூஞ்சியத் திருப்பிக்கும். சில்கிக்கு ரோமம் தண்ணிய வடிக்காது. ஐப்பசி மழைல ஒரு தடவ நனைஞ்சா உள்ள வரைக்கும் ஊறி, மூலைல நின்னு நடுங்கும். நீ டவலை எடுத்துக்கினு ஓடணும். கிளிமூக்கு சேவலோட வெலையக் கேட்டா உன் காரே வெக்கப்படும். அப்பால ரோட்டோரமா பச்சை, ரோஸ் கலர் அடிச்ச குஞ்சு விக்கறானுங்களே, அந்தப் பக்கம் புள்ளைங்களைத் திரும்ப வுடாதே. முட்டைப் பண்ணைக்கு ஆவாதுன்னு ஒதுக்கின ஆண்குஞ்சுங்கதான் அதுல பாதிக்கு மேல. ரெண்டு நாள்ல செத்துப்போவும். மூணாவது நாள் உன் பொண்ணு அழும், நீ பதில் சொல்லணும்.

நான் சொல்றேன், சிறுவிடை புடி. பேருக்கேத்த மாதிரி சின்ன ஒடம்பு, லேசான எடை, ஓட்டம் அதிகம், பருந்து நெழல் வுழுந்தா மொதல்ல பதுங்கறது அதுதான். அடைக்கு நல்லா உக்காரும், குஞ்சைக் காப்பாத்தத் தெரியும். பெருவிடை கறிக்கு நல்லது, சண்டைக்கும் நல்லது. உனக்கு ரெண்டும் வேணாம். ஆனா முட்டைக் கணக்கை இப்பவே சொல்லிடறேன், அப்பால என்னைத் திட்டக் கூடாது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60லேர்ந்து 80 முட்டை போடும். அதுவும் ஒரு அடுக்கு போட்டு முடிச்சா அடைக்கு உக்காந்துடும், இல்லன்னா இறகு உதுத்துக்கினு சும்மா இருக்கும். பண்ணை லெகார்ன் 300 வரைக்கும் போடும். நாலு சிறுவிடைய வெச்சிக்கினு வூட்டுல அஞ்சு பேருக்குத் தெனம் ஆம்லெட்டுன்னு கணக்குப் போட்டேன்னா, அந்த ஆம்லெட்டுல வெங்காயம்தான் இருக்கும். கொஞ்சம் கூட முட்டை வேணும்னா கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரங்க புறக்கடைக்குன்னே உருவாக்கின நந்தனம் கோழி இருக்குது. காட்டாங்குளத்தூர் பக்கம் காட்டுப்பாக்கத்துல அவங்களோட ஆராய்ச்சி நிலையம் இருக்குது, வேளாண் அறிவியல் நிலையமும் அங்கதான். போய்க் கேளு, சொல்லுவாங்க. சிறுவிடை எங்க கெடைக்கும்னு நான் அப்பால சொல்றேன்.

என் பேத்தி வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக் காலேஜுல படிக்குது. 1903ல ஆரம்பிச்ச காலேஜு. அது வந்தா எனக்கு ஒண்ணொண்ணா சொல்லும், நான் அதை என் சொந்தச் சரக்கா ஊருக்கு விப்பேன். உலகத்துக் கோழி எல்லாத்துக்கும் பூர்வீகம் செங்காட்டுக்கோழியாம். ஆனா கடைல தொங்குதே மஞ்சக்காலு கோழி, அந்த மஞ்ச நெறத்துக்கான மரபணு மட்டும் நம்ம தெக்கத்திக் காட்டுல இருக்கற சாம்பல் காட்டுக்கோழிகிட்டேர்ந்து போனதுன்னு 2008ல சுவீடன் நாட்டுக்காரங்க கண்டுபுடிச்சாங்களாம். எந்த ராசா காலத்துலயோ நம்ம காட்டுச் சேவல் எவன் வூட்டு வேலியோ தாண்டியிருக்குது. இன்னிக்கு உலகம் பூரா அதோட காலு. நீ வாங்கற கோழியும் வேலி தாண்டும்னு சொல்ல வரேன்.

தாண்டாம இருக்கணும்னா வாங்கின அன்னிக்கே அவுத்து வுடாதே. ஒரு வாரம் கூண்டுலேயே வெச்சுத் தீனி போடு. இதுதான் வூடுன்னு அது மனசுல பதியணும். எங்க வூட்டுக் கிழவி புதுக்கோழிய உரலைச் சுத்தி மூணு சுத்து சுத்திட்டுத்தான் வுடும். உன் வூட்டுல உரல் இல்ல, மிக்சியச் சுத்தினா வேல செய்யுமான்னு எனக்குத் தெரியாது. அப்பால மொதல் நாள் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கசொல்ல தொற. தூரம் போக நேரம் இருக்காது, இருட்டினதும் திரும்பிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால. ரொம்பப் பறக்குதுன்னா ஒரு பக்க ரெக்கைல மட்டும் நீட்டு இறகை வெட்டு. ரெண்டு பக்கமும் வெட்டினா சமமாப் பறந்துடும்.

பழைய கோழிங்க நடுவுல புதுசை வுட்டா கொத்து வுழும். பயப்படாதே. யாரு பெரியவ, யாரு சின்னவன்னு அதுங்களுக்குள்ள ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டுல ஷெல்டெரப்-எப்பென்னு ஒருத்தரு சின்ன வயசுலேர்ந்து கோழிங்களையே பாத்துக்கினு இருந்து, 1921ல இதை எழுதி வெச்சாராம். அந்தப் பேரை முழுசாச் சொல்ல எனக்குப் பல்லு இல்ல. எங்க வூட்டுக் கிழவி எழுதாமலே தெரிஞ்சு வெச்சிருக்குது: புதுசை ராத்திரில கொண்டுபோய் மெதுவாக் கூண்டுல வெச்சுடும், ஒண்ணை வெக்காது, ஜோடியா வெக்கும்.

இப்ப பொழுது சாயற நேரத்துக்கு வரேன். கோழி வளப்புல பாதி அங்கதான் இருக்குது. கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாது. வெளிச்சம் மங்கறதுக்குள்ள தானா கூண்டுக்கு வந்து ஏறிடும், நீ வெரட்ட வேணாம். எண்ணணும், கதவை மூடணும், கொக்கி போடணும், அவ்ளோதான் உன் வேலை. அதுக்குத்தான் உனக்கு நேரம் இருக்காது. ‘ஒரே ஒரு கால் பேசிட்டு வரேன்’னு உள்ள போவே. மரநாய்க்குக் கால் எதுவும் வராது. அது நேரத்துக்கு வந்துடும். காலைல நீ கூடையோட போவசொல்ல இறகு பொறுக்கலாம்.

சவுக்குத் தோப்பை அழிச்சு வூடு கட்டினீங்க. அதுல இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சே? மரநாயும் காட்டுப்பூனையும் ராத்திரி ஷிஃப்ட்டு. கீரிப்பிள்ளை பகல் ஷிஃப்ட்டு, வேலிக்கடியில மண்ணைப் பறிச்சு வரும். மேல பாத்தா பருந்து, வல்லூறு, காக்கா. காக்காவைச் சாதாரணமா நெனச்சுடாதே, பொறந்த குஞ்சைத் தூக்கறதுல அதுதான் மொத ஆளு. பக்கத்துத் திருக்கழுக்குன்றத்துல ரெண்டு கழுகு உச்சிவேளைக்கு மலை மேல வந்து, படைக்கற சக்கரைப் பொங்கலைத் தின்னுட்டுப் போவும், சின்ன வயசுல போய்ப் பாத்திருக்கேன். தொண்ணூறுகளோட அந்த வரத்து நின்னுபோச்சு. உன் தோட்டத்துல குஞ்சு பொறிச்சுப் பாரு, வேற பறவைங்க மணி தவறாம வரும், பொங்கல் வேணாம்னு சொல்லும். இதுல எதையும் அடிக்காதே. 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் கீரிப்பிள்ளைக்கும் இருக்குது. அதுக்குச் சட்டம், கோழிக்குக் கொக்கி. செம்பருத்தி, எலுமிச்சைன்னு தாழப் படர்ந்த செடி நாலு எடத்துல வெச்சா கோழி ஓடி ஒளிய எடம் கெடைக்கும். உன் புல்தரை மேலேர்ந்து பாக்கற பருந்துக்கு வாழை எலை போட்ட பந்தி.

அப்பறம் பூனை. உன் வூட்டுக்காரம்மா ஒரு பூனையைத் தத்து எடுத்திருக்காங்களாமே, அது ரொம்ப சாதுவாம். மாபலிபுரத்துல அர்ச்சுனன் தபசு இருக்குதே, வர விருந்தாளிக்கெல்லாம் காட்டறியே, அதுல யானைக்குப் பக்கத்துல கீழ பாத்திருக்கியா? ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு, ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ணுது. சுத்தி எலிங்க. பல்லவன் காலத்து ஆளுங்களுக்கே பூனைய பத்தித் தெரிஞ்சிருக்குது, அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லு. பெரிய கோழிகிட்ட பூனை வாலாட்டாது, குஞ்சு வெளிய வர மொத மாசம் மட்டும் ரெண்டையும் பிரிச்சு வை.

பாம்பு வரும். மூஞ்சி ஏன் வெளுக்குது? நீ தீனிய ராத்திரி வெளிய வுட்டா எலி வரும், எலி வந்தா பாம்பு வரும், வந்த எடத்துல முட்டையும் குஞ்சும் இருந்தா வேணாம்னு சொல்லாது. நல்லபாம்பும் வரும், சாரையும் வரும். சாரைக்கு வெஷம் கெடையாது, அதுங்கிட்ட பயந்து ஓடறவங்கதான் வுழுந்து கைய ஒடைச்சுக்குவாங்க. எதுவா இருந்தாலும் கம்பை எடுக்காதே, இருளர் ஆளுங்களைக் கூப்புடு. வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976ல வந்துது. அங்கயே 1978ல இருளர் பாம்பு புடிக்கறவங்க கூட்டுறவுச் சங்கம் வெச்சாங்க. தோலுக்குப் பாம்பு புடிச்ச ஜனங்க, சட்டம் வந்து அந்தப் பொழப்பு போன அப்பால, வெஷம் எடுத்துட்டு உசுரோட காட்டுல வுடற வேலைக்கு வந்தாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுலேர்ந்தும் எடுக்கற வெஷம்தான் பாம்புக்கடி மருந்துக்குப் போவுது. நம்ம மாவட்டத்துச் சென்னேரி ஆளுங்க வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல அமெரிக்காவுல ஃப்ளோரிடா வரைக்கும் போய் மலைப்பாம்பு புடிச்சுக் காட்டினாங்க, 2023ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. பத்மஸ்ரீ ஊர்லேர்ந்து ஆளு வருவாங்கன்னா உன் கோழிக்கூண்டுக்கு இதைவிட மரியாதை வேணுமா! ஆனா தீனித் தட்டை ராத்திரி உள்ள எடுத்து வெச்சா அவங்களுக்கு அந்த அலைச்சலே வேணாம்.

கூண்டு தரைலேர்ந்து ரெண்டு மூணு அடி ஒசரத்துல, கால் வெச்சு நிக்கணும். உள்ள ஏறி உக்காரக் குறுக்குக் கம்பு. கம்பி வலை சின்னக் கண்ணா இருக்கட்டும், பெரிய கண்ணுல மரநாய் கையை வுட்டே வேலைய முடிச்சுடும். கடக்காத்துல கம்பி துருப்புடிக்கும், நீ புதுசுன்னு நெனச்சுக்கினு இருக்கசொல்லவே அடிப்பக்கம் உளுத்திருக்கும், விரலால அழுத்திப் பாரு. கூரைய நல்லாக் கட்டு. 2022 டிசம்பர் 9ந்தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாபலிபுரத்துக்குப் பக்கத்துலதான் கரையேறிச்சு. அன்னிக்குக் கூண்டைச் செவுத்தோட கயிறு போட்டுக் கட்டினவன் கோழி பொழச்சுது. நீ இன்டீரியர் ஆளை வெச்சு ஓடு போட்ட குட்டி வூடு ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கியாமே, ஜன்னலெல்லாம் வெச்சு. வாடகைக்கு வுடு, நல்ல தொகை வரும். கோழிய பஞ்சாரத்துலயும் மரக்கூண்டுலயும் வை.

தீனி. தோட்டத்துல மேயறதுன்னாலும் மேய்ச்சல் மட்டும் போதாது. காலைல கொஞ்சம், சாயங்காலம் கூண்டுக்குள்ள ஒரு கை குருணை, தவிட்டைப் பெசைஞ்சு ஒரு உருண்டை. சாயங்காலத் தீனிதான் அதைக் கூண்டுக்கு இழுக்கற கயிறு. குஞ்சுங்களுக்குக் கரையான் புடிச்சுப் போடு. பழைய பானைல காஞ்ச சாணி, கிழிஞ்ச கோணி, ஓலை போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கற எடத்துல ராத்திரி கவுத்து வை. காலைல பானை பூரா கரையான். கோழிக்கு அதைவிட விருந்து கெடையாது. ஒரு விஷயம், கரையான் உன் மேசை மேலயும் ஏறப் பாக்கற எனம், பானைய வூட்டுக் கதவுகிட்ட வெக்காதே.

முட்டை ஓடு கெட்டியா இருக்க சுண்ணாம்பு வேணும். கடற்கரைக்கு வாக்கிங் போறியே, ஃபோனைப் பாத்துக்கினு. கொஞ்சம் கீழயும் பாரு, கிளிஞ்சல் கெடக்குது. கழுவிக் காய வெச்சு இடிச்சு ஒரு ஓட்டுல போட்டு வை, வேணுங்கறப்ப அதுவே தின்னும். ஒடைச்ச முட்டை ஓட்டைப் போடறதா இருந்தா வறுத்துத் தூளாக்கிப் போடு. முழு ஓடா போட்டா அந்த ருசி புடிச்சு, போட்ட முட்டையத் தானே கொத்திக் குடிக்கக் கத்துக்கும். கொக்கிலமேட்டுலேர்ந்து மீன் கழிவு கெடைக்குதுன்னு தெனம் போட்டா முட்டைல மீன் வாசனை வரும், சைவக்கார விருந்தாளிக்கு வெளங்கிடும். கருவாட்டுத் தலை மட்டும் வேணவே வேணாம், அந்த உப்பு கோழியைக் கொல்லும். உன் ஃப்ரிட்ஜுல பட்டர் ஃப்ரூட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கியே, அது பறவைக்கு வெஷம். இத்தினி வெலை குடுத்து வாங்கினதை நீயே தின்னுடு.

மஞ்சக்கரு செவப்பா இருந்தா சத்து ஜாஸ்தின்னு யாரோ சொன்னாங்கன்றே. அது கீரை, புல்லு தின்ன நெறம். ஓடு பழுப்பா இருக்கறது சாதியப் பொறுத்தது. பழுப்பா இருந்தா நாட்டு முட்டைன்னு நீங்க கூடக் காசு குடுக்க ஆரம்பிச்ச அப்பால, வெள்ளை முட்டைய டீத்தூள் தண்ணில முக்கி எடுக்கற கெட்டிக்காரனும் பொறந்துட்டான்.

தோட்டத்துக்கு வா. கொரியன் புல்லுக்குச் சதுரஅடிக்கு இன்னா குடுத்தே? சொல்லாதே, எனக்கு நெஞ்சு வலிக்கும். கோழிக்கு மண்ணுல பொரண்டாத்தான் செள்ளு போவும். நம்ம கடலோர மணலு அதுக்குன்னே படைச்சது. நீ பதிச்ச புல்லுல நடுவா பாத்து ஒரு குழி பறிச்சு, அதுல சாஞ்சு படுத்து, ரெக்கைய விரிச்சு, கண்ணை மூடி ஒரு பொரளு பொரளும். அந்த சொகத்தைப் பாத்தா நீயே வேலைய வுட்டுட்டு இங்க வந்துடுவே. ஒரு மூலைல நெழல்ல மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து கொட்டி வை, புல்லுல பாதியாவது பொழைக்கும். கீரைப் பாத்தியும் கோழியும் ஒண்ணா வாழாது. ஒண்ணு பாத்திக்கு வலை போடு, இல்லன்னா கீரைய மார்க்கெட்டுல வாங்கு. புதுக் கன்னுக்கு அடில கல்லு அடுக்கு, தென்னை மட்டைய வளையமாக் குத்து. வாழையும் முருங்கையும் தாங்கும். புழு, பூரான், கரையான் எதையும் மிச்சம் வெக்காது, அதுக்கு நன்றி சொல்லு.

எருவும் குடுக்கும். வேடந்தாங்கல் ஜனங்களைப் பாரு, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் அவங்க வயலுக்கு உரம். அது தெரிஞ்சுதான், பறவையச் சுடாதேன்னு வெள்ளைக்காரன்கிட்டயே போராடி, 1798ல லயோனல் பிளேசுன்னு கலெக்டர்கிட்ட உரிமை வாங்கினாங்க. ஆனா கோழி எச்சத்தைப் பச்சையா ரோஜாச் செடிக்குப் போட்டா வேரு வெந்துடும். மட்க வெச்சுப் போடு. மிச்சத்தை அது உன் சிட்-அவுட்டு டைல்ஸ் மேலயே போட்டுடும், அதுக்கு யோசனை கெடையாது, தொடப்பம்தான்.

கோழி கேறிக்கினே மூலை மூலையாப் பாத்தா முட்டைக்கு எடம் தேடுதுன்னு அர்த்தம். நீ வாங்கி வெச்ச முட்டைப் பொட்டிய ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு, சோபாவுக்கோ ஷூ ரேக்குக்கோ போவும். ஒரு அடுக்கு போட்டு முடிச்சுக் கொக்கொக்குன்னு குரலை மாத்திக்கினு எழுந்திரிக்காம உக்காந்தா அடை. கூடைல மணலும் வைக்கோலும் போட்டு, ஒத்தைப்படையா முட்டை வை. எங்க வூட்டுல கூடவே ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காஞ்ச மிளகாயும் வெப்பாங்க, இடி இடிச்சா முட்டை கெடாதாம். பேத்தி சிரிக்குது. சிரிக்கட்டும், வெச்சதால ஒரு முட்டையும் இதுவரைக்கும் ஆட்சேபணை சொல்லல. ஏழாம் நாள் ராத்திரி டார்ச்சு வெளிச்சத்துல பாத்தா ரத்த நரம்பு தெரியும், தெரியாதது கூமுட்டை, எடுத்துடு. இருபத்தோராம் நாள் பொறிக்கும். ஓடு ஒடையறதைப் பாத்து நீ உதவி பண்ணப் போவாதே. அதுவா வந்தாத்தான் அது கோழி.

நோவுன்னா வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேட்டுன்னு டாக்டருங்க சொல்லுவாங்க, குமாவுன் மலைல இருக்கற ஊர் பேரு, 1920கள்ல அங்க கண்டதால ஒட்டிக்கிச்சு. பச்சையும் வெள்ளையுமாக் கழியும், கழுத்து திருகும், ஊர்க்கோழி மொத்தமும் போவும். வந்த அப்பால மருந்து கெடையாது. இந்த எடத்துல மட்டும் நான் வெளையாடல. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மஞ்சள்னு அரைச்சுக் குடுக்கறது சாதாரணக் கழிச்சலுக்கு நல்லது, நானும் குடுப்பேன். இதுக்கு ஊசிதான். குஞ்சு பொறிச்ச ஏழாம் நாள் கண்ணுல, மூக்குல சொட்டு, எட்டாவது வாரம் ரெக்கைக்கடியில ஊசி. பிப்ரவரி மாசம் கால்நடைத் துறையே ஊர் ஊரா முகாம் போடும், கோழிய அக்குள்ல இடுக்கிக்கினு வரிசைல நில்லு, ஊர்ல நாலு பேரு பழக்கம் ஆவும். தலைல கொப்புளம் வந்தா அம்மை, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசு. திடீர்னு நாலஞ்சு ஒரே நாள்ல செத்தா, அறுக்கவும் வேணாம், குளத்துல வீசவும் வேணாம், நேரா மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லு.

கடைசியா சேவல். முட்டை போட சேவல் தேவையில்ல தம்பி, இது பாதிப் பேருக்குத் தெரியாது. குஞ்சு வேணும்னாத்தான் வேணும், எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒண்ணு போதும். சாளுவன்குப்பத்துல சுனாமிக்கு அப்பால மண்ணைத் தோண்டி முருகன் கோயில் எடுத்தாங்களே, செங்கல் கோயில், சங்ககாலத்துதுன்றாங்க. வாசல்ல கல்லுல வேல் நிக்குது. சேவக்கொடிக்காரன் இந்தக் கடலோரத்துல எத்தினி காலமா குடியிருக்கான் பாரு. அவனே பொறுத்துக்கினான், உன் பக்கத்து வில்லாக்காரன் பொறுப்பானான்னுதான் கேள்வி. அவன் மெட்ராஸ்லேர்ந்து நிம்மதியாத் தூங்கவே இங்க வரான். உன் சேவலுக்கு விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலயே ஒடம்புக்குள்ள மணி அடிக்கும். ஜப்பான்ல நகோயாக்காரங்க மங்கல் வெளிச்சத்துலயே அடைச்சு வெச்சுப் பாத்தாங்களாம், அப்பவும் நேரத்துக்குக் கூவிச்சாம். கூட்டத்துல பெரிய சேவல் கூவின அப்பாலதான் மத்தது கூவும்னும் சொல்றாங்க, உங்க ஆபீசு மீட்டிங்கு மாதிரியே. ஃபிரான்சுல ஒலெரான்னு ஒரு தீவு, அங்க லீவுக்கு வந்து தங்கறவங்க மோரீசுன்னு ஒரு சேவல் மேல கேஸ் போட்டாங்க. 2019 செப்டம்பர்ல கோர்ட்டு சேவல் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. 2021ல கிராமத்துச் சத்தம், வாசனைக்கெல்லாம் அங்க சட்டமே வந்துது. ஆனா அங்க ஜெயிச்சது ஊர்க்காரன் சேவல். நம்ம கதைல லீவுக்கு வரவனும் நீ, சேவக்காரனும் நீ. எந்தப் பக்கம் வக்கீல் வெப்பே?

யோசிக்கறே. யோசி, யோசி. வெள்ளிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறவனுக்குன்னு எங்க பக்கம் ஒரு வழி இருக்குது. ஆடு, மாடு, கோழி எல்லாத்தையும் வாரத்துக்கு வுடறது. மொதல் உன்னுது, பாடு என்னுது, பொறக்கற குஞ்சுல பாதிப் பாதி. கோழி என் வூட்டுக் கூண்டுல அடையட்டும், நம்ம ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இருக்கற வேலில ஒரு தட்டி எடுத்துட்டா பகல்ல உன் தோட்டத்துல மேயும். தொறக்கறதும் மூடறதும் கிழவி பாத்துக்கும். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் போட்ட முட்டை எங்களுக்கு, சனி ஞாயிறு போட்டது உனக்கு. நீ வர அன்னிக்குக் காலைல கூடைய எடுத்துக்கினு வா, நாலு முட்டைய செடி மறைவுல வெச்சு வைக்கச் சொல்றேன், புள்ளைங்க பொறுக்கட்டும். தவிடு, குருணை உன் செலவு. மரநாய் தூக்கினா உன் கணக்கு. சேவல் கூவறது முழுக்க உனக்கே, அதுல நான் பங்கு கேக்க மாட்டேன். சம்மதம்னா சிறுவிடைல நல்ல வெடைக்கோழியா நாலு எங்க வூட்டுலயே நிக்குது. வெளில விக்கற வெலைக்கு மேல உன்கிட்ட கேப்பேனா? கொஞ்சம்தான் கேப்பேன்.